காஞ்சனபுரியில் மூன்று நாள்: பட்டாள எண் இல்லாதவர்களுக்கு ஒரு மதிப்பீடு

தாய்லாந்துக்கு விடுமுறை போய், குவாய் ஆற்றுப் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களுக்கான குறிப்புகள் ஏற்கெனவே ஏராளம். நான் எழுதுவது வேறு கூட்டத்துக்கு. வீட்டில் "தாத்தா சயாமுக்குப் போனார், திரும்பவில்லை" என்ற ஒற்றை வரி மட்டும் மிச்சமிருக்கிற குடும்பங்களுக்கு. சயாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர். இரண்டாம் உலகப் போரில் அங்கிருந்து பர்மாவுக்கு ரயில்பாதை போட, போர்க்கைதிகளோடு மலாயாத் தோட்டத்து ஆட்களையும் ஜப்பானியர் கொண்டுபோனார்கள். மலேசியத் தமிழர்களில் அப்படிப்பட்ட குடும்பங்கள் எத்தனை என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், எந்தக் கல்யாண வீட்டிலும் சாப்பாட்டுப் பந்தியில் பேச்சைத் தொடங்கிப் பாருங்கள்.

மதிப்பிடப்போவது மூன்று இடங்களை: காஞ்சனபுரியில் இருக்கும் தாய்லாந்து–பர்மா ரயில்பாதை மையம் என்ற அருங்காட்சியகம், அதை ஒட்டியிருக்கும் போர்க் கல்லறைத் தோட்டம், நடந்து போகும் தூரத்தில் உள்ள வாட் தாவோர்ன் வராராம் கோயில். இடையில் ரயிலைப் பற்றியும் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. சில ஆண்டுகளுக்கு முன் பேங்காக்கிலிருந்து ஒருநாள் சுற்றுலா ஒன்றில் இதே ஊருக்குப் போனேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், அந்த மாதிரி நிறுவனங்கள் அங்கே தெருவுக்கு ஒன்று. விடியற்காலையில் வேனில் ஏற்றினார்கள். மிதக்கும் சந்தையில் ஒன்றரை மணி நேரம், யானைகளோடு ஒரு மணி நேரம், கல்லறைத் தோட்டத்தில் இருபத்தைந்து நிமிடம். அருங்காட்சியகத்தின் வாசலைக் கைகாட்டிவிட்டு வேன் நகர்ந்தது. வழிகாட்டியிடம், "இங்கே வேலை செய்த தமிழர்களைப் பற்றி ஏதாவது தெரியுமா?" என்று கேட்டேன். அவர் மலர்ந்த முகத்துடன், மதியத்துக்கு இந்தியச் சாப்பாடு வேண்டுமா என்று கேட்டார். தேடிப் போகிறவர்கள் தயவுசெய்து ஒருநாள் சுற்றுலாவில் போகாதீர்கள். இரண்டு இரவாவது அந்த ஊரிலேயே தங்குங்கள்.

இரண்டாம் முறை பெரியம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். அவருக்கு எண்பத்து நான்கு வயது. அம்மாவின் அக்கா. சப்பான்காரன் காலத்தில் தாத்தாவைச் சயாமுக்குக் கொண்டுபோனபோது அவருக்கு மூன்று வயது. என் அம்மா பாட்டியின் வயிற்றில். பங்குனி உத்திரம் கழிந்து சில நாளில் தோட்டத்தில் பிரட்டு, அதாவது காலை ஆள்கணக்கு, முடிந்ததும் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) பெயர் வாசித்தாராம். துரைமார் எப்போதோ ஓடிப்போயிருந்தார்கள், கிராணிகள்தான் சப்பான்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டும். நாளுக்கு ஒரு வெள்ளி, மூன்று மாத வேலை, அரிசி உண்டு என்று சொன்னார்கள். மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்த ஆட்களுக்கு அரிசி என்பது போதுமான பேச்சு. சம்மதிக்காதவர்களையும் விடவில்லை. வேறு தோட்டங்களில் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்தி, லாரியில் ஏற்றிய கதைகளும் எங்கள் பக்கத்தில் உண்டு.

போனவர்களில் ஒரே ஒருவர் எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) திரும்பி வந்தார், 1946-இல். பாட்டி இடுப்பில் பிள்ளையோடு போய்க் கேட்டபோது அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "அண்ணன் நிக்கியோடு நின்றுவிட்டார்." அடுத்த சில மாதத்தில் அந்த மனிதர் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார். மேற்கொண்டு கேட்க ஆளில்லை. பாட்டி அந்த வாக்கியத்தை எப்படிப் புரிந்துகொண்டிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். சயாம்காரி ஒருத்தி, பெயர் நிக்கி, அவளோடு குடும்பம் நடத்துகிறார்.

அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் எங்கள் வீட்டில் நிக்கி வாழ்ந்தாள். பானை உடைந்தால் நிக்கி உடைத்தாள். மீன் திருடிய பூனைக்கு நிக்கி என்று பெயர். பாட்டி கடைசிவரை பொட்டை அழிக்கவில்லை, தாலியையும் கழற்றவில்லை; புருஷன் உயிரோடு இருக்கிறான், இன்னொருத்தி வீட்டில் இருக்கிறான், அவ்வளவுதானே. அதனால் தாத்தாவுக்குத் திதியும் இல்லை. ஆடி அமாவாசைக்கு எல்லார் வீட்டிலும் படையல் போடுவார்கள், எங்கள் வீட்டில் மட்டும் பாட்டி அன்றைக்கு வேண்டுமென்றே கருவாடு வறுப்பார்.

இவ்வளவையும் சொல்லாமல் அந்த அருங்காட்சியகத்துக்கு நான் ஏன் இத்தனை மதிப்பெண் போடுகிறேன் என்பதை விளக்க முடியாது.

போகும் வழி எளிது. பேங்காக்கின் தொன்புரி நிலையத்திலிருந்து காலையும் மதியமும் ரயில் உண்டு. வெளிநாட்டவருக்கு நூறு பாட். மூன்றாம் வகுப்பு மட்டும்தான், மின்விசிறி, திறந்த ஜன்னல், பலகாரக் கூடைக்காரர்கள். வயதானவர்களுக்கு ஒரு மெத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியம்மா வழி முழுவதும் வறுத்த வாழைப்பழம் சாப்பிட்டபடி வந்தார். "அப்பா போன ரயிலில் ஜன்னல் இருந்திருக்காது" என்று ஒருமுறை சொன்னார். உண்மைதான். மலாயாவிலிருந்து பான் போங் வரை அவர்களைக் கொண்டுபோனது இரும்புச் சரக்குப் பெட்டிகளில்.

அருங்காட்சியகம் 2003-இல் திறக்கப்பட்டது. தொடங்கியவர் ராட் பீட்டி என்ற ஆஸ்திரேலியர். அங்குள்ள போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் பொறுப்பில் இருந்தவர், காட்டில் புதைந்துபோன பழைய ரயில்தடத்தைத் தானே நடந்து தேடி அளந்தவர். அந்த மனிதரின் குணம் கட்டடம் முழுக்கத் தெரிகிறது. கண்ணீர் வரவழைக்கும் பின்னணி இசை கிடையாது. வரைபடம், எண்ணிக்கை, நாள், கிலோமீட்டர், எந்தப் பாலத்துக்கு எத்தனை மரம் என்ற கணக்கு. முப்பத்திரண்டு ஆண்டு தமிழ்ப்பள்ளியில் வருகைப் பதிவேடு எழுதியவள் நான். இந்த மாதிரி இடத்தில் எனக்கு உடனே நம்பிக்கை வந்துவிடும்.

பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியுசாயாத் வரை. 1942-இன் நடுவில் வேலை தொடங்கி, 1943 அக்டோபர் 17 அன்று இரு முனையும் கொன்கொய்த்தாவில் சேர்ந்தன. நேசநாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேல், அவர்களில் இறந்தவர்கள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். ஆசியத் தொழிலாளர்கள் சுமார் இரண்டு லட்சம். இறந்தவர்கள் தொண்ணூறாயிரம் வரை இருக்கலாம் என்கிறார்கள். மலாயாவிலிருந்து மட்டும் சுமார் எழுபத்தைந்தாயிரம் பேர், அதில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். கவனித்தீர்களா? கைதிகளின் கணக்குக் கிட்டத்தட்ட ஆளுக்கு ஆள் நிற்கிறது. நம்முடையது "வரை இருக்கலாம்" என்று முடிகிறது.

ஏன் என்பதையும் அங்கேயே புரிந்துகொள்ளலாம். கைதிகள் சிப்பாய்கள். ஒவ்வொருவருக்கும் எண், பிரிவு, மேலே ஓர் அதிகாரி. முகாமில் யார் இறந்தாலும் யாராவது ஒருவர் ரகசியமாக எழுதிவைத்தார். சில பதிவுகளைப் புட்டியில் அடைத்துக் கல்லறைக்குள்ளேயே புதைத்து மறைத்திருக்கிறார்கள். போர் முடிந்த 1945-இல், அந்தக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குழு பாதை நெடுகப் போய், 144 இடுகாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது. தோட்டத்து ஆட்களுக்கு இருந்தது கிராணியின் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு ஒன்றுதான். அது தோட்டத்திலேயே கிடந்தது. காட்டில் அவர்களுக்கு அதிகாரியும் இல்லை, வைத்தியரும் இல்லை. 1943-இன் நடுவில்தான் சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து "கே", "எல்" என்று இரண்டு மருத்துவக் குழுக்களைக் கைதிகளிலிருந்தே பொறுக்கி, தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அதற்குள் காலம் கடந்திருந்தது.

குடும்பத்தைத் தேடி வருகிறவர்களுக்கு இங்கே உதவி கிடைக்கும். கைதிகளின் பதிவுகளைப் பல ஆண்டுகளாகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற ஆஸ்திரேலியத் தம்பதி ஒரு பெயரும் பட்டாள எண்ணும் கொடுத்தார்கள், சிறிது நேரத்தில் ஒரு தாளோடு போனார்கள். எங்கள் முறை வந்தது. "எண்?" என்று அங்கே பணியில் இருந்த பெண் கேட்டார். இல்லை. "பிரிவு?" இல்லை. "பிறந்த தேதி?" அதுவும் இல்லை. தோட்டத்தின் பெயரும், தகப்பன் பெயரோடு சேர்ந்த தாத்தாவின் பெயரும் மட்டும்தான் இருந்தன. அந்தப் பெண் எங்களை ஒதுக்கிவிடவில்லை. தாத்தா போனது எந்த மாதம் என்று கேட்டார். மார்ச் கடைசி என்றேன். எழுந்து வந்து, சுவரில் இருந்த பெரிய வரைபடத்தின் முன்னால் எங்களை நிறுத்தினார்.

பெரியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே முகாம்களின் பெயர்களைத் தெற்கிலிருந்து வடக்காக நான் உரக்கப் படித்துக்கொண்டே போனேன். பான் போங், சுங்காய், வாம்போ, தார்சாவ், கின்சாயோக், தாக்கனுன், கொன்கொய்த்தா. அடுத்த பெயரை நான் படிப்பதற்குள் அந்தப் பெண் விரலை வைத்து, "ஏப்ரலில் வந்தவர்களில் நிறையப் பேரை இந்தப் பக்கம் நடத்திக் கொண்டுபோனார்கள், நிக்கி" என்றார்.

பெரியம்மா என் கையைப் பிடித்தார். "என்ன சொன்னாள்? அவளைத் திரும்பச் சொல்லச் சொல்."

நிக்கி. வரைபடத்தில் எழுதியிருக்கும் எழுத்துகளை நானாகப் படித்திருந்தால் "நீக்கே" என்று படித்துவிட்டு நகர்ந்திருப்பேன். பர்மா எல்லைக்குச் சற்று முன்னால் இருந்த ஒரு முகாம் அது. 1943 மே, ஜூன் மாதங்களில், மழை பிடித்த நேரத்தில், அந்த வட்டாரம் முழுக்கக் காலரா. சிங்கப்பூரிலிருந்து ஏழாயிரம் கைதிகள் கொண்ட "எஃப்" படை, பான் போங்கிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் இரவு இரவாக நடந்து அந்த வட்டாரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அவர்களில் மூவாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். வழியில் இருந்த தமிழர் முகாம்களிலும் அதே நோய்.

"நிக்கியோடு நின்றுவிட்டார்." நிக்கி வரைக்கும் போனார், அங்கே நின்றுவிட்டார். இடுப்பில் பிள்ளையோடு எதிரில் நிற்கும் பெண்ணிடம் செத்துப்போனார் என்று சொல்ல நாவெழாமல், ஒரு நல்ல மனிதர் சுற்றிவளைத்துச் சொன்ன வாக்கியம். ஓர் "ஓடு" எங்கள் வீட்டில் செய்த வேலை அது.

இது நிரூபணம் ஆகுமா? ஆகாது. நான் ஆசிரியை, எனக்கு அந்த வித்தியாசம் தெரியும். ஆனாலும் ஒரு பெயர், ஒரு மாதம், ஒரு பாதை மூன்றும் ஒரே இடத்தில் வந்து விழுந்தன. பெரியம்மா அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. சற்று நேரம் கழித்து, "பூனைக்குப் போய் அந்தப் பெயரை வைத்தோமே" என்றார்.

மாடியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து காபி குடிக்கலாம், கல்லறைத் தோட்டம் முழுவதும் கீழே தெரியும். பெரியம்மாவின் முழங்காலுக்குப் படி ஒத்துவராது என்பதால் நான் மட்டும் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினேன். காபியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கல்லறைத் தோட்டம் நகரின் நடுவிலேயே, சேங் சூத்தோ சாலையில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள், பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு. தரையோடு தரையாகச் சாய்ந்த கல்லில் வெண்கலத் தகடு. பெயர், எண், வயது, கீழே குடும்பத்தார் அனுப்பிய ஒரு வரி. கல்லுக்குக் கல் பூச்செடி. புல்லைப் பாய் விரித்ததுபோல் வெட்டியிருக்கிறார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பராமரிப்பில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. பெரியம்மா வயதுகளை மட்டும் கேட்டுக்கொண்டே வந்தார். இருபத்து மூன்று. இருபத்தாறு. இருபத்தொன்று. "எல்லாம் பிள்ளைகள்" என்றார்.

வாசல் மண்டபத்தில் இரண்டு விஷயங்களைத் தவறாமல் பாருங்கள், வேனில் வருகிறவர்கள் தவறவிடுவது இவற்றைத்தான். ஒன்று, பிரிக்கப்படாத இந்தியாவின் படையைச் சேர்ந்த பதினொரு பேரின் பெயர்கள். தாய்லாந்தின் முஸ்லிம் மையவாடிகளில் புதைக்கப்பட்டு, அங்கே பராமரிக்க முடியாமற்போனதால் இங்கே பெயரை மட்டும் பொறித்திருக்கிறார்கள். உங்கள் குடும்பத்தில் பட்டாளத்துக்காரர் இருந்திருந்தால் இங்கிருந்து தொடங்குங்கள்.

மற்றொன்று எங்களுக்கானது. தோட்டத்துக்குள் இரண்டு கல்லறைகளில் முந்நூறு பேரின் சாம்பல் இருக்கிறது. பெரும்பாலோர் 1943 மே, ஜூனில் நிக்கியில் காலராவில் இறந்து எரிக்கப்பட்ட கைதிகள். அவர்களுடைய பெயர்கள் மண்டபத்தில் உள்ளன. அதே ஊர், அதே மாதம், அதே நோய். பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது, பையைத் திறந்து வெற்றிலை, பாக்கு, ஒரு கறுப்புச் சுருட்டு மூன்றையும் எடுத்தார். கிள்ளானிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார், எனக்குத் தெரியாது. இது வெள்ளைக்காரர்களுடைய கல்லறை, உங்கள் அப்பா இதில் இல்லை என்று நான் விளக்கத் தொடங்கினேன்.

"தெரியும் பாப்பா. பக்கத்துச் சிதைதானே" என்றார்.

தோட்டக்காரர் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை. ஆனால் சுருட்டைப் பற்றவைக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு.

வாட் தாவோர்ன் வராராம் வியட்நாமியர் மரபிலான பௌத்தக் கோயில். ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளுக்கு மேல் எழுப்பிய நினைவுச் சின்னம் அங்கேதான் இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் தமிழர்கள் சேர்ந்து ஒரு நடுகல்லும் நிறுத்தியிருக்கிறார்கள். போர்க் கல்லறையிலிருந்து நேராக இங்கே வந்தால் ஒப்பீடு தவிர்க்க முடியாது. அங்கே ஆளுக்கு ஒரு தகடு, இங்கே ஆயிரக்கணக்கானோருக்கு ஒரு மேடை. இருந்தாலும் பூவும் ஊதுபத்தியும் வைத்து, வாய்விட்டு ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட ஏற்ற இடம் இதுதான். 1990-இல் இந்த நகரத்தில் தோண்டியபோதே நூற்றுக்கணக்கான தொழிலாளர்களின் எலும்புகள் கிடைத்தன. ஊருக்குள்ளேயே அப்படியென்றால் காட்டில் எவ்வளவு கிடக்கும்.

பாலத்துக்குப் பக்கத்தில் 1944-இல் ஜப்பானியப் படையே, இறந்தவர்களுக்காகக் கட்டிய நினைவுத்தூண் ஒன்று உண்டு. சுற்றிலும் பல மொழிகளில் கல்வெட்டுப் பலகைகள். அவற்றில் தமிழும் ஒன்று. சாகடித்தவர்களுக்கு எங்கள் மொழி தெரிந்திருந்தது என்பதைப் படித்துக்கொண்டு நிற்க நேர்ந்தபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. பெரியம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். "எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது" என்றார்.

சுங்காய் கல்லறைத் தோட்டம் ஆற்றங்கரையில், ஊருக்கு வெளியே. சிறியது, அமைதியானது, கூட்டமே இல்லை. நேரமிருந்தால் போகலாம். பாலம் ஒரு பாலம்தான். வளைந்த இரும்புச் சட்டங்கள் பழையவை, நடுவில் கோணமாக நிற்கும் இரண்டும் போருக்குப் பிறகு மாற்றியவை. மூன்றாம் நாள் "நாம் தோக்" என்ற நிலையம் வரை ரயிலில் போய்வந்தோம். தாம் கிராசேயில் பாறையை ஒட்டி மரக்கட்டைகளின் மேல் ரயில் ஊர்ந்து போகும். எல்லாரும் கைபேசியை வெளியே நீட்டுவார்கள், பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டார். நாம் தோக்கோடு (இந்த "ஓடு"வுக்கு ஒரே அர்த்தம்தான்) பாதை முடிகிறது. நிக்கிப் பக்கம் தண்டவாளமே இல்லை. அந்தப் பகுதி 1980-களில் கட்டிய அணையின் நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. போக வேண்டும் என்று பெரியம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மதிப்பெண் போட வேண்டுமென்றால்: அருங்காட்சியகத்துக்கு ஐந்துக்கு ஐந்து. பதிவு இருந்தவர்களைப் பற்றி நிறையவும், இல்லாதவர்களைப் பற்றிக் குறைவாகவும்தான் எந்த அருங்காட்சியகத்தாலும் சொல்ல முடியும். இவர்கள் இருப்பதை ஒளிக்காமல் சொல்கிறார்கள். போர்க் கல்லறைக்கும் ஐந்து. கோயிலுக்கு மதிப்பெண் போட நான் யார்.

போகுமுன் வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உயிரோடிருக்கும் மிக வயதானவரிடம் போய், அவர் காதில் விழுந்த சொற்களை அப்படியே, உளறலாகத் தோன்றினாலும் திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள். தோட்டத்தின் ஆங்கிலப் பெயர், எந்த டிவிஷன், எந்த மாதம் அல்லது எந்தத் திருவிழாவை ஒட்டி, கூடப் போனவர் யார், திரும்பியவர் யார், அவர் சொன்னது என்ன. மலேசியாவில் இந்த ரயில்பாதை பற்றித் தகவல் சேகரிக்கும் ஆர்வலர் குழு இருக்கிறது, அவர்களிடமும் ஒரு படி கொடுங்கள். நான் அந்தப் பெண்ணிடம் தாத்தாவின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று கேட்டார். அவர் பெயரை யாரும் ஆங்கிலத்தில் எழுதியதில்லை. தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன்.

திரும்பும் ரயிலில் பெரியம்மா என் பையிலிருந்து பஞ்சாங்க நாட்காட்டியை வாங்கி, மே, ஜூன் இரண்டையும் புரட்டிப் பார்த்தார். வைகாசி அமாவாசை என்று முடிவு செய்தார். பிறகு, "இதெல்லாம் தெரிந்திருந்தால் எங்கள் அம்மா தாலியைக் கழற்ற வேண்டி வந்திருக்குமே" என்றார். நகோன் பாதோம் நிலையம் வரும்வரை வேறொன்றும் பேசவில்லை. அங்கே கூடைக்காரியிடம் மறுபடியும் வறுத்த வாழைப்பழம் வாங்கினார், இரண்டு பொட்டலம்.